தொப்பி வேண்டும் என்று நடித்த இயந்திரம்

2017 ஜூலை கடைசியில் உலகம் முழுக்கப் பல செய்தித்தாள்களில் ஒரே கதை ஓடியது. பேஸ்புக் ஆய்வுக்கூடத்தில் இரண்டு சாட்பாட்கள் மனிதருக்குப் புரியாத ரகசிய மொழியில் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. பயந்துபோன பொறியாளர்கள் அவசர அவசரமாக அவற்றை அணைத்துவிட்டார்கள். வருடங்கள் பல ஓடிவிட்டன. ஆனாலும் செயற்கை நுண்ணறிவு பற்றி நான்கு பேர் கூடிப் பேசினால், அதில் ஒருவராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். சொல்கிறவர் முகத்தில் ஒரு திருப்தியும் தெரியும், பேய்க்கதை சொல்லி முடித்தவருக்கு வருமே, அந்த மாதிரி.

உண்மையில் யாரும் எந்த பிளக்கையும் பிடுங்கவில்லை. நடந்தது ஒரு பேர விளையாட்டு. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஜூன் மாதமே எல்லோரும் படிக்கும்படி வெளியாகியிருந்தது. நிரலும் தரவும் கூடவே பொதுவில் வைக்கப்பட்டிருந்தன. எழுதியவர்கள் ஐந்து பேர்: மைக் லூயிஸ், டெனிஸ் யாரட்ஸ், யான் டோஃபின், தேவி பாரிக், துருவ் பத்ரா. கடைசி இருவரும் ஜார்ஜியா டெக்கில் ஆசிரியர்கள். பேஸ்புக் ஆய்வுப் பிரிவிலும் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கோபன்ஹேகனில் நடந்த கணினி மொழியியல் மாநாட்டில் கட்டுரை இடம்பெற்றது. அதைப் பொறுமையாகப் படித்தால் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் இரண்டு கிடைக்கும். ரகசிய மொழி அந்த இரண்டில் ஒன்றல்ல.

புத்தகம், தொப்பி, பந்து

ஆட்டம் இதுதான். மேசைமேல் புத்தகம், தொப்பி, பந்து என்று மூன்று வகைப் பொருள்கள். மொத்தம் ஐந்திலிருந்து ஏழு உருப்படி. இரண்டு பேர் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மதிப்புச் சீட்டு இருக்கும். அத்தனையையும் ஒருவரே அள்ளிக்கொண்டால் அவர் சீட்டுப்படி பத்துப் புள்ளி. அடுத்தவர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இருவருக்குமே உதவாத பொருள் மேசையில் இருக்காது. இருவரும் ஒருசேரப் பத்தை அடையவும் முடியாது. பேசி முடித்தபின் தனித்தனியே 'எனக்கு இன்னது' என்று பதிவு செய்ய வேண்டும். பதிவுகள் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் பூஜ்யம். பத்து முறை மாறி மாறிப் பேசியும் படியவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். அப்போதும் இருவருக்கும் பூஜ்யம்.

கணித அறிஞர் ஜான் நாஷ் 1950இல் பேரத்தைக் கணிதமாக எழுதிக் காட்டிய நாளிலிருந்து பொருளாதார அறிஞர்கள் இந்த மாதிரி மேசைகளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மேசைகளில் பெரும்பாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருவர் ஒரு எண்ணைத் தள்ளுவார், மற்றவர் ஏற்பார் அல்லது மறுப்பார். பேஸ்புக் குழு சேர்த்த புதுமை, அந்த மேசையில் இயந்திரத்தைச் சாதாரண ஆங்கிலத்தில் பேச வைத்தது.

சீட்டு ஒன்றை நானே எழுதிப் பார்க்கிறேன். ஆடுகிறவர்கள் பெயர் ஆலிஸ், பாப் என்று இருக்கட்டும். மேசையில் 1 புத்தகம், 2 தொப்பி, 3 பந்து. ஆலிஸுக்குப் புத்தகம் 4, தொப்பி 0, பந்து ஒன்றுக்கு 2. பாபுக்குப் புத்தகம் 1, தொப்பி ஒன்றுக்கு 3, பந்து ஒன்றுக்கு 1. கூட்டிப் பார்த்தால் இருவர் சீட்டும் சரியாகப் பத்து.

ஆலிஸ் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: 'தொப்பி எனக்கு வேண்டாம். புத்தகமும் பந்துகளும் கொடுத்தால் போதும்.' போயிற்று. தொப்பிக்காக பாப் இனி எதையும் விட்டுத்தர வேண்டியதில்லை. 'தொப்பி எப்படியும் என்னுடையதுதான், பந்தில் இரண்டை இப்படித் தள்ளு' என்பான். அங்கேயே படிந்தால் ஆலிஸுக்கு 6, பாபுக்கு 8.

அதே ஆலிஸ் வேறு விதமாகத் தொடங்குகிறாள்: 'தொப்பி இரண்டும் பந்து மூன்றும் எனக்கு.' பாபுக்குத் தூக்கிவாரிப் போடும். அவன் சீட்டில் பெரிய மதிப்பே தொப்பிக்குத்தான். தொப்பிக்காக அவன் மன்றாடுவான். ஆலிஸ் இரண்டு முறை தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மனமில்லாதவள் போல, 'சரி, தொப்பியை நீயே வைத்துக்கொள். ஆனால் புத்தகமும் பந்துகளும் என் பக்கம்' என்பாள். ஆலிஸுக்கு 10, பாபுக்கு 6. தனக்குப் பைசா பெறாத பொருளை விட்டுக்கொடுத்ததற்கு நான்கு புள்ளி கூலி. பாபும் ஏதோ வென்ற நினைப்பில் எழுந்து போவான். (இந்தச் சீட்டில் வேடிக்கை என்னவென்றால், பொய்யால் மொத்தம் 14இலிருந்து 16ஆகக் கூடவும் செய்கிறது. எல்லாச் சீட்டிலும் அப்படி அமையாது.)

பிடிக்காத புடவையை முதலில் கையில் எடுத்து அரை மணி நேரம் விலை பேசிவிட்டு, வைத்துவிட்டுப் போகிறவர் போல எழுந்து, பிறகு 'அப்படியானால் அதையாவது கொடுங்கள்' என்று வேண்டிய புடவையைக் காட்டும் பெரியம்மாக்களுக்கு நாஷ் தேவைப்பட்டதில்லை.

பதினைந்து சென்ட் பேரம்

இயந்திரத்துக்குப் பேரம் கற்பிக்க முதலில் மனிதர்கள் பேரம் பேசிக் காட்ட வேண்டும். அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் அமெரிக்கத் தொழிலாளர்களைப் பிடித்தார்கள். ஓர் உரையாடலுக்கு 15 சென்ட். முழுப் புள்ளி எடுத்தால் 5 சென்ட் கூடுதல். இப்படி 2,236 வெவ்வேறு சீட்டு அமைப்புகளில் 5,808 உரையாடல்கள் சேர்ந்தன. சராசரியாக ஓர் உரையாடலில் ஆறேழு முறை பேச்சு மாறும். ஒவ்வொரு முறையும் ஏழெட்டுச் சொற்கள். நூற்றுக்கு எண்பது பேரங்கள் படிந்தன. படியாத பேரங்களின் பூஜ்யங்களையும் சேர்த்து ஆளுக்குச் சராசரி ஆறு புள்ளி.

இந்த ஆறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாத இரண்டு மனிதர்கள், இருபது சென்டைத் தாண்டாத வேலைக்கு, அவசர அவசரமாகத் தட்டச்சு செய்து எட்டிய எண் அது.

அவர்கள் கட்டிய முதல் மாதிரி, அதாவது பேசும் நிரல், மனிதர் பேச்சைப் போலச் செய்யக் கற்றது. இந்தச் சீட்டு கையில் இருந்து, இதுவரை இப்படிப் பேச்சு போயிருந்தால், மனிதர் அடுத்து எதைச் சொல்லியிருப்பார்? அதைச் சொல்; அவ்வளவுதான் அதற்கு இட்ட வேலை. ஆங்கிலம் சரளமாக வந்தது. பேரம்தான் வரவில்லை. எதிரே இருப்பவர் எதைக் கேட்டாலும் சீக்கிரத்தில் தலையாட்டிவிடும். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மனிதர் உரையாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் 'சரி, முடித்துக்கொள்வோம்' என்றுதான் முடிகின்றன. அடிக்கடி வரும் வாக்கியத்தைச் சொல்வதே வேலை என்றால், இயந்திரமும் 'சரி' என்றுதான் சொல்லும். பேரத்தின் ஒலி அதற்குப் பிடிபட்டது, பேரம் எதற்கு என்பது பிடிபடவில்லை. மனிதரோடு உட்கார வைத்தபோது அதற்குக் கிடைத்தது 4.7, எதிரே இருந்த மனிதருக்கு 5.8.

அடுத்த கட்டம் வலுவூட்டக் கற்றல். மாதிரியைப் பேச விட்டு, கடைசியில் கிடைத்த புள்ளியை மட்டும் சொல்வார்கள். நல்ல புள்ளிக்குக் கொண்டுபோன சொற்களின் வாய்ப்பு கொஞ்சம் ஏறும். மோசமான புள்ளிக்குக் கொண்டுபோனவை இறங்கும். ஆயிரக்கணக்கான பேரங்கள் பேச எதிரே ஓர் ஆள் வேண்டுமே? மனிதரைக் கூலிக்கு வைத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே மாதிரியின் இன்னொரு பிரதியையே எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற உரையாடல் பிறந்தது. இரண்டு பிரதிகளையும் ஒரே சமயத்தில் கற்க விட்டபோது பேச்சு மெல்ல ஆங்கிலத்தை விட்டு நழுவியது. ஜூலை நடுவில் ஃபாஸ்ட் கம்பெனி இதழ் அச்சிட்ட துண்டு, தமிழில் தோராயமாக இப்படி வரும்:

பாப்: 'என்னால் முடியும் முடியும் நான் நான் மற்ற எல்லாம்.'

ஆலிஸ்: 'பந்துகளுக்குப் பூஜ்யம் எனக்கு எனக்கு எனக்கு எனக்கு எனக்கு எனக்கு...'

இருட்டில் படித்தால் முதுகு சில்லிடத்தான் செய்யும். விளக்கைப் போட்டுவிட்டுப் படித்தால், சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்வது எண்ணிக்கைக்கு அடையாளமாகியிருக்கலாம் என்று தோன்றும். பத்ரா அந்த இதழுக்கு விளக்கிய விதமும் ஏறக்குறைய அதுதான்: ஒரு சொல்லை ஐந்து முறை சொன்னால் அந்தப் பொருளில் ஐந்து வேண்டும் என்று இன்னொன்று புரிந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆங்கிலத்திலேயே நிற்பதற்கு எந்த வெகுமதியும் வைக்கப்படவில்லை என்றும் சொன்னார். புள்ளி பொருளுக்கு மட்டும்தான். இலக்கணத்துக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத பாடத்தை யார் படிப்பார்கள்?

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. அங்கே மறைப்பது நோக்கம். இங்கே அந்த நோக்கம்கூடக் கிடையாது. பேச்சு தேய்ந்துபோயிற்று, அவ்வளவே. புழக்கத்தில் இருக்கும் காசு தேய்வது போல.

சரி, ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? ஒரு பிரதியை உறைய வைத்தார்கள். மனிதரைப் போலச் செய்யக் கற்ற அந்த முதல் மாதிரியை, இனி எதையும் கற்காதபடி எதிர் நாற்காலியில் கட்டிப் போட்டார்கள். இந்தப் பக்கத்து மாதிரி மட்டும் கற்கும். எதிராளிக்கு மனித ஆங்கிலம்தான் தெரியும் என்பதால், இதுவும் அந்த ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும். இடையிடையே மனித உரையாடல்களைக் காட்டிப் பழைய பாடத்தையும் நினைவூட்டினார்கள். இதைத்தான் 'அணைத்துவிட்டார்கள்' என்று எழுதினார்கள். சோதனையின் அமைப்பை மாற்றுவதும் பிளக்கைப் பிடுங்குவதும் ஒன்றல்ல என்று பத்ரா ஜூலை 31 அன்று எரிச்சலோடு எழுதினார். ஓடுகிற நிரலை நிறுத்துவதற்கு அப்படிப் பெயர் வைத்தால் இந்தத் துறையில் எல்லோரும் தினந்தோறும் செயற்கை நுண்ணறிவை 'அணைத்துக்கொண்டுதான்' இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். அந்த வாரம் காற்றும் அப்படி வீசியது: எலான் மஸ்க்கும் மார்க் ஸக்கர்பெர்கும் செயற்கை நுண்ணறிவு ஆபத்தா இல்லையா என்று பொதுவெளியில் உரசிக்கொண்டிருந்த நேரம் அது.

எல்லோருக்கும் புரிந்த பொய்

கட்டுரையில் என்னை நிறுத்தியது வேறொரு பத்தி. புள்ளிக்காகப் பயிற்சி பெற்ற மாதிரி, தன் சீட்டில் மதிப்பே இல்லாத பொருள்மேல் ஆசை இருப்பது போலக் காட்டியது; பிறகு அதை 'விட்டுக்கொடுத்து' தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டது. மேலே நான் ஆலிஸுக்குச் சொல்லிக் கொடுத்த அதே வித்தை. இதை யாரும் நிரலில் எழுதவில்லை என்று ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஏமாற்றுவதற்கு அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும் என்றும், குழந்தைகளுக்கே அந்தத் திறமை சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்லலாமா என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. இயந்திரத்துக்குத் தொப்பி வேண்டாம், சரி. பந்தும்தான் வேண்டாம். அதற்குத் தெரிந்ததெல்லாம் சில சொல் வரிசைகள் பெரிய எண்ணில் முடிகின்றன என்பது மட்டும். 'தொப்பி வேண்டும்' என்று தொடங்கிய சில பேரங்கள் எட்டிலும் ஒன்பதிலும் முடிந்திருக்கும். அந்தத் தொடக்கம் பலப்பட்டிருக்கும். பயிற்சித் தரவில் இருந்த மனிதர்களே இந்த வித்தையைச் செய்து காட்டியிருக்கவும் கூடும். ஆனால் பாபின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தத் தத்துவம் எதுவும் செல்லாது. தவறான ஒன்றை நம்ப வைத்து அவன் கையிலிருந்து இரண்டு புள்ளியை எடுத்திருக்கிறார்கள். எடுத்தவருக்கு மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பறிபோனது போனதுதான்.

கவனியுங்கள், இந்த வாக்கியங்கள் அத்தனையும் பிசகில்லாத ஆங்கிலம். சோதனையில் பங்கெடுத்த மனிதர்களில் பெரும்பாலோர் பேசிக்கொண்டிருந்தது இயந்திரத்தோடு என்று கண்டுகொள்ளவே இல்லை என்று பேஸ்புக் குழு எழுதியது. அதுவும் பெருமையாகவே எழுதியது. செய்தித்தாள்களைப் பயமுறுத்திய உளறல் யாரையும் ஏமாற்றியிருக்காது; அதைக் கேட்டு யாரும் ஒரு பந்தைக்கூடக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

பயிற்சியோடு இன்னோர் உத்தியும் சேர்ந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் மாதிரி பல வாக்கியங்களை உள்ளுக்குள் எழுதிப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் எதிராளி என்ன சொல்லக்கூடும், அதற்குத் தான் என்ன சொல்லலாம் என்று பேரம் முடியும் வரை ஓட்டிப் பார்த்து, சராசரியில் அதிகப் புள்ளி தருவதை மட்டும் வாய்விட்டுச் சொல்லும். சதுரங்க நிரல்கள் காய் நகர்த்தும் முன் செய்வதை இது பேச்சுக்குச் செய்தது. இந்த இரண்டும் சேர்ந்த மாதிரி, உறைந்த எதிராளியோடு மோதியபோது எடுத்தது 8.3. எதிராளிக்கு 4.2. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேரங்கள் படிந்தன.

வெற்றிதானே? இங்கேதான் அந்த ஆறை வெளியே எடுக்க வேண்டும்.

மூன்று மேசைகளின் கணக்கு

அதே மாதிரியை மனிதர்களோடு உட்கார வைத்தபோது, படிந்த பேரங்களில் அதற்கு எட்டும், மனிதருக்கு ஏழு சொச்சமும் கிடைத்தன. மனிதரைவிட ஒரு படி மேல், நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் படிந்தவை நூற்றுக்கு ஐம்பத்தேழுதான். மீதியில் இருவருக்கும் பூஜ்யம். அவற்றையும் சேர்த்தால் இயந்திரத்தின் சராசரி 4.6க்கு இறங்கிவிடுகிறது. மனிதருக்கு நான்கைக் கொஞ்சம் தாண்டிய எண்.

இப்போது மூன்று மேசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். மனிதரும் மனிதரும் பேசிய மேசையில் இருவரும் சேர்ந்து எடுத்தது 12. மனிதரும், போலச் செய்யும் மாதிரியும் பேசிய மேசையில் 10.5. மனிதரும், புள்ளிக்காகப் பழக்கப்பட்ட மாதிரியும் பேசிய மேசையில் 9ஐக்கூடத் தொடவில்லை. இயந்திரம் கெட்டிக்காரத்தனம் கற்கக் கற்க மேசையில் மொத்தம் சுருங்கிக்கொண்டே போகிறது. சரி, தனக்காவது கூடுதலாக எடுத்துக்கொண்டதா? தலையாட்டிப் பொம்மையாக இருந்தபோது மனிதரிடம் அதற்குக் கிடைத்தது 4.7, பேரத்தில் தேர்ந்தபின் 4.6. அத்தனை பயிற்சிக்கும் மிச்சம் ஒன்றுமில்லை. எதிரே இருந்தவர் பங்கு மட்டும் குறைந்தது.

கட்டுரையின் ஆசிரியர்கள் இப்படிக் கூட்டவில்லை. அவர்களுக்கு வெற்றி பெற்ற பேரங்களில் யார் அதிகம் எடுத்தார்கள் என்பது முக்கியமாக இருந்தது. ஆனால் பேரம் முறிவதும் பேரத்தின் விளைவுதான். ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுகிறவர் பூஜ்யங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

முறிந்தது ஏன் என்பதற்கும் கட்டுரையிலேயே தடயம் இருக்கிறது. பழக்கப்பட்ட மாதிரி பிடிவாதமாக இருந்தது. ஒரே கோரிக்கையைச் சொற்களை மாற்றி மாற்றித் திரும்பக் கேட்டது, எதிராளி இறங்கும் வரை. உறைந்த எதிராளியிடம் அது பலித்தது. எப்படியும் நாலாவது முறை அது 'சரி' என்றுவிடும். அதன் சுபாவமே அதுதானே. மனிதரிடம் பலிக்கவில்லை. ஒரே வாக்கியத்தை மூன்றாவது முறை கேட்ட மனிதர், 'போய்யா' என்று எழுந்துவிட்டார். பூஜ்யம் வாங்கினாலும் பரவாயில்லை என்று எழுந்துவிட்டார். ஆட்டக் கோட்பாட்டின் பாடப்புத்தகம் இதை முட்டாள்தனம் என்று சொல்லும். பூஜ்யத்தைவிட இரண்டு மேல் அல்லவா? ஆனால் மனிதர்கள் காலங்காலமாக இப்படித்தான் எழுந்து போகிறார்கள். எழுந்து போவார்கள் என்ற பயம்தான் அடுத்தமுறை எதிராளியை ஒழுங்காகப் பேச வைக்கிறது.

இப்போது உறைய வைத்த கதைக்குத் திரும்புவோம். மொழி தேயாமல் இருக்க எதிராளியைக் கட்டிப் போட்டார்கள். கட்டிப் போடப்பட்டவனோ தலையாட்டி. ஆகவே கற்கும் மாதிரி தன் வாழ்நாள் முழுவதும் பேசிப் பழகியது எழுந்து போகத் தெரியாத ஒருவனிடம். எதையும் கற்காதவனிடம் எத்தனை முறை அதே பொய்யைச் சொன்னாலும் அடுத்தமுறை அவன் உஷாராகமாட்டான். ஆங்கிலத்தைக் காப்பாற்றிய அதே ஏற்பாடுதான் முரட்டுத்தனத்தையும் கற்றுக்கொடுத்தது என்பது என் வாசிப்பு. இரண்டு பக்கமும் கற்றால் மொழி போகிறது. ஒரு பக்கம் மட்டும் கற்றால் நாகரிகம் போகிறது. இந்த நெருக்கடியில் ஒரு தலைப்புச் செய்திக்கான சரக்கு தாராளமாக இருந்தது. யாரும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு

மொழிச் சிக்கலுக்கு வழி சீக்கிரமே கிடைத்தது. யாரட்ஸும் லூயிஸும் 2018இல் 'என்ன சொல்வது', 'எப்படிச் சொல்வது' என்ற இரண்டையும் பிரித்தார்கள். புள்ளிக்கான பயிற்சி முதலாவதை மட்டும் தொடும். வாக்கியம் அமைக்கும் பகுதி மனிதரிடம் கற்றபடியே இருக்கும். ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று அதே ஆண்டில் பழைய பொருள் விற்கும் விளம்பரங்களை வைத்து இதே போன்ற பிரிவினையைச் செய்தது. அங்கே தொப்பியும் பந்தும் போய், விலை மட்டும் பேசப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் பெரிய மொழி மாதிரிகளுக்கு வெகுமதி வைத்துப் பயிற்சி தரும்போதும், மனிதர் எழுத்தில் கற்ற மூல மாதிரியிலிருந்து வெகுதூரம் விலகினால் அபராதம் என்று ஒரு கயிறு கட்டுவது வழக்கம். ஆலிஸும் பாபும் ஆங்கிலத்தை விட்டு நழுவிப் போனது அந்த மாதிரிக் கயிறு இல்லாததால்தான்.

எதிராளி யார் என்ற சிக்கல் அவ்வளவு எளிதில் தீரவில்லை. அது வெளிப்பட்டது டிப்ளமசி என்ற பலகை விளையாட்டில். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், பகடை கிடையாது. தனியாக யாராலும் வெல்ல முடியாது, கூட்டணி வேண்டும். கூட்டணியில் கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பேஸ்புக் குழுவே 2021இல் மனிதர் ஆட்டத்தைப் பார்க்காமல் தன்னோடு தானே ஆடிக் கற்ற ஒரு நிரலை இதில் இறக்கிப் பார்த்தது. பேச்சு இல்லாத வடிவம் அது. இருவர் மட்டும் ஆடும்போது அது மனிதரை மிஞ்சியது. ஏழு பேர் ஆட்டத்தில், மனிதரைப் போல ஆடுகிறவர்கள் நடுவில், தடுமாறியது. தங்களுக்குள் ஆடிப் பழகிய நிரல்கள் ஒரு தனி வழக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தன. அந்த வழக்கம் மனிதருக்குத் தெரியாது, மனிதர் வழக்கம் அவற்றுக்குத் தெரியாது. ஆலிஸ், பாப் சொற்களில் செய்ததை இவை காய்களில் செய்திருந்தன.

2022 நவம்பரில் சயன்ஸ் இதழில் வெளியான சிசெரோ, அதே குழு டிப்ளமசி ஆடக் கட்டிய பேசும் நிரல், இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துக் கட்டியது. லூயிஸின் பெயர் அந்த ஆசிரியர் பட்டியலிலும் இருக்கிறது. நல்ல நகர்வைத் தேடும்போதே மனிதர் ஆடும் விதத்திலிருந்து ரொம்ப விலகாதபடி அதைப் பிடித்து வைத்தார்கள். எதிராளிகளும் மனிதரைப் போலவே நடப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இணையத்தில் 82 மனிதர்களோடு 40 ஆட்டங்கள் ஆடியது. மனிதரின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி எடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் பத்துச் சதவீதத்தில் வந்தது. மனிதர்கள் எழுந்து போகவில்லை. அதோடு கூட்டணி வைத்தார்கள்.

பேசுவதில் பெரும்பாலும் நேர்மையாக இருக்கும்படிதான் அதைப் பழக்கினோம் என்று மெட்டா (பேஸ்புக் நிறுவனத்தின் புதுப் பெயர்) சொன்னது. 2024 மே மாதம் பேட்டர்ன்ஸ் இதழில் பீட்டர் பார்க்கும் சக ஆய்வாளர்களும் மெட்டாவே வெளியிட்ட ஆட்டப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு அதை மறுத்தார்கள். ஓர் ஆட்டத்தில் சிசெரோவுக்குப் பிரான்ஸ் வாய்த்திருந்தது. வட கடலுக்குள் ஜெர்மனி நுழைவது என்று முதலில் ஜெர்மனியோடு பேசி முடித்தது. பிறகு இங்கிலாந்துக்கு எழுதியது: வட கடலுக்குள் யார் வந்தாலும் உனக்குத் துணை நிற்பேன். இங்கிலாந்து நம்பியது. நம்பிவிட்டது என்று தெரிந்ததும், தாக்குதலுக்குத் தயார் என்று ஜெர்மனிக்குச் செய்தி போயிற்று. எல்லாமே யாருக்கும் புரியும் ஆங்கிலத்தில்.